வீட்டில் வெந்நீர்: கணவனும் மனைவியும் அறிய வேண்டியவை



பிள்ளை பெற்ற வீட்டில் வெந்நீர் இல்லாமல் ஆகாது. தாய்க்கு, குழந்தைக்கு, வயதான பெரியவர்களுக்கு என்று தினமும் வேண்டும். விறகடுப்புப் புகைக்குப் பதிலாக இன்று பல வீடுகளில் ஹீட்டர் ராடும் கீசரும் வந்துவிட்டன. நல்லதுதான். ஆனால் தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் இது. வாங்கி மாட்டுவது கணவர், அன்றாடம் புழங்குவது மனைவி என்றே பெரும்பாலும் இருப்பதால், இருவரும் சேர்ந்து படியுங்கள்.

மாட்டும்போது

1. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதையே வாங்குங்கள்.

2. 1500 வாட் ராடு 6 ஆம்பியருக்கு மேல் கரண்ட் இழுக்கும். விளக்கு, ஃபேன் போடும் சிறிய பிளக்கில் சொருகினால் ஒயர் சூடேறி உருகும். 16 ஆம்பியர் பிளக் வேண்டும்.

3. பிளக்கின் தடித்த முள் எர்த்துக்கு உரியது. கசியும் கரண்டை அதுதான் மண்ணுக்குள் இறக்குகிறது. அதை ஒடித்துவிட்டு மாட்டாதீர்கள். எர்த் குழி காயாமல் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

4. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கருவியை ஒயர்மேனைக் கொண்டு பொருத்துங்கள். கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் கரண்டைத் துண்டிக்கும்.

5. கீசரின் சேஃப்டி வால்வில் சூடேறும்போது தண்ணீர் சொட்டலாம். அதை அடைக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் கீசர் வெடிக்கும்.

ராடு போடும்போது

முதலில் ராடைத் தண்ணீரில் வையுங்கள், பிறகு சுவிட்ச் போடுங்கள். “சுட்டுச்சா பார்ப்போம்” என்று விரலை விடாதீர்கள். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, சில நிமிடம் கழித்து ராடை எடுத்த பிறகே தண்ணீரைத் தொடலாம். இரும்பு, அலுமினியப் பாத்திரம் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் ராடு பக்கத்திலும் அடியிலும் படக்கூடாது. தவழும் பிள்ளை இருந்தால் கதவைச் சாத்துங்கள்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது

60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலையே ஏறத்தாழ 5 நொடியில் வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் அதைவிட மெல்லியது. ஆகவே முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதில் வெந்நீரை விளாவுங்கள். முழங்கையை விட்டுப் பாருங்கள். இதமாக இருந்தால் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை

போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும். கீசரை ஒயர்மேனைக் கொண்டு சுத்தம் செய்து, வால்வையும் தெர்மோஸ்டாட்டையும் சோதியுங்கள். ராடில் வெடிப்போ, ஒயரில் கீறலோ இருந்தால் உபயோகிக்காதீர்கள். லேசாக ஷாக் அடித்தாலும் “ஒண்ணும் ஆகாது” என்று விடாதீர்கள்.

விபத்து நேர்ந்தால்

வெந்நீர் பட்ட இடத்தில் உடனே 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். இங்க், பேஸ்ட், மாவு எதையும் தடவாதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். ஷாக் அடித்தவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள்.

மேலும் ஐயம் இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரைக் கேளுங்கள்.

முதலில் சுவிட்ச்! பிறகு பிளக்! கடைசியில்தான் தண்ணீர்!