குற்றச்சாட்டும் தீர்ப்பும்

ஐதராபாத் நகரின் மாதாப்பூர்ப் பகுதி தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களால் பெயர் பெற்றது. பணியின் பொருட்டு அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. ஒருவர் எம்மொழி பேசினாலும், அவர் வாழும் மாநிலத்தின் சட்டமே அவரைக் காக்கிறது. அவரைக் கட்டுப்படுத்துவதும் அதுவே. பகடிவதை எனப்படும் ராகிங்கைத் தடை செய்யும் சட்டம் இதற்குச் சான்றாகும்.

1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். நாடே அதிர்ந்தது. தமிழ்நாடு 1997இல் பகடிவதைத் தடைச் சட்டத்தை இயற்றியது. அதே ஆண்டில் ஆந்திரப் பிரதேசமும் தனிச்சட்டம் இயற்றியது. 2014இல் பிறந்த தெலங்கானாவிலும் அச்சட்டம் தொடர்கிறது.

அச்சட்டத்தின்படி, ஒரு மாணவரைக் கேலி செய்து இழிவுபடுத்துவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். செயலின் கொடுமை மிகுந்தால் தண்டனையும் மிகும். கொடுங்காயம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. சிறைத்தண்டனை பெற்ற மாணவர் கல்லூரியிலிருந்து நீக்கப்படுவார். தண்டனை ஆறு மாதத்திற்கு மேற்பட்டால், வேறு கல்வி நிறுவனத்திலும் அவருக்கு இடமில்லை. 'விளையாட்டுக்குச் செய்தேன்' என்னும் சொல் அவரைக் காப்பாற்றாது.

எனினும், குற்றம் சாட்டப்பட்டவர் அனைவரும் குற்றவாளிகள் ஆகார். முதலில் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். புலனாய்வில் சான்றுகள் கிடைத்தால், காவல்துறை நீதிமன்றத்தில் குற்றப்பத்திரிகை அளிக்கும். நீதிபதி அதனை ஆராய்ந்து குற்றச்சாட்டை முறைப்படி பதிவு செய்வார். பின்னர் விசாரணை நடைபெறும். தமக்காக வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கு உண்டு. ஐயத்திற்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே ஒருவர் குற்றவாளி ஆவார். பதினெட்டு வயது நிரம்பாதோரின் வழக்குகளை இளைஞர் நீதிக் குழுமம் கையாளும்.

நாவரசு வழக்கும் இவ்வழியே சென்றது. 1998இல் கடலூர் நீதிமன்றம் மூத்த மாணவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. ஓர் உயிர் பறிபோயிற்று. மற்றொருவரின் இளமை வழக்கிலும் சிறையிலும் கழிந்தது. எத்தீர்ப்பாலும் இழந்ததை மீட்டுத்தர இயலவில்லை.

ஆகவே, துன்புறுத்தப்படும் மாணவர் அதனை மறைத்தல் கூடாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கூறுதல் வேண்டும். 1800-180-5522 என்னும் கட்டணமில்லா உதவி எண்ணையும் அழைக்கலாம். கண்டவர் வாய்மூடி நிற்பதும் கொடுமைக்குத் துணைபோவதே ஆகும்.

சொற்பொருள்
பகடி – கேலி
புலனாய்வு – உண்மையைத் தேடி ஆராய்தல்
ஐயம் – சந்தேகம்
மெய்ப்பித்தல் – உண்மையென நிலைநாட்டுதல்

விடையளிக்க
1. குற்றம் சாட்டப்பட்டவர், குற்றவாளி – வேறுபடுத்துக.
2. புகார் முதல் தீர்ப்பு வரையிலான படிநிலைகளை வரிசைப்படுத்துக.
3. நண்பர் ஒருவர் பகடிவதைக்கு உள்ளானால் நீ என்ன செய்வாய்? ஐந்து வரிகளில் எழுதுக.