உகாண்டாவின் பருத்தி விதையும் ஜின் ஆலையும்

இழை நீளம் ஒவ்வாத பஞ்சைக் கலந்து நூற்றால் நூல் அறும் என்பதை நெசவாளர் அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களோ விதை வாங்கும் வேளையில் இதை மறந்துவிடுவதுண்டு. இரு சாராருக்கும் உரிய பாடம் ஒன்று கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் இருக்கிறது.

இங்கிலாந்தின் சர்ச் மிஷனரி சங்கத்தார் 1877-இல் அங்குச் சென்றனர். வேதத்தோடும் எழுத்தோடும் கைத்தொழில்களையும் கற்பித்தனர். 1901-இல் மொம்பாசாவிலிருந்து ரயில்பாதை விக்டோரியா ஏரிக்கரையை எட்டியது. விளைபொருளைக் கடல் கடந்து அனுப்ப வழி பிறந்தது. 1903-இல் மிஷனின் நண்பர்கள் 'உகாண்டா கம்பெனி'யை நிறுவி அத்தொழில்களை ஏற்றனர். தொண்டே பெரிதென்று தொடங்கினார்கள். ஆயினும் கம்பெனி கம்பெனிதான். மிஷன் தொழிற்பகுதியை நடத்திவந்த போரப் என்பவர் பல ரகப் பருத்தி விதைகளைத் தருவித்து, ஊர்த் தலைவர்கள் வாயிலாகக் குடியானவர்களுக்கு வழங்கினார். வாழைத் தோப்புகளை அடுத்த சிறு நிலங்களில், குடும்பம் குடும்பமாகப் பருத்தி விளைவித்தனர்.

தொல்லை விதையிலேயே இருந்தது. எகிப்திய ரகமும் அமெரிக்க ரகமும் அடுத்தடுத்த கொல்லைகளில் பூத்தன. தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்தன. வாங்கியவர்கள் பருத்தியைக் கலந்தனர். நெட்டிழையும் குற்றிழையும் ஒரே சிப்பத்தில் வரவே, ஆலைக்காரர்கள் முகம் சுளித்தனர். 1908-இல் கவர்னர் ஹெஸ்கெத் பெல் கடுமையான விதிகளைப் பிறப்பித்தார். அமெரிக்க ரகம் ஒன்றே பயிராக வேண்டும். பிற செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும். கொட்டை நீக்கும் கைப்பொறிகளையும் அகற்ற வேண்டும்.

விதையைப் பற்றிய விதி நேரியதே என்று கருதுகிறோம். கைப்பொறியின் செய்தி வேறு. அது இழையைக் கெடுத்தது உண்மை. ஆனால் அது போனதும், விளைவித்தவன் பருத்தியைக் கொட்டையோடு ஆலை வாசலில் விற்பதன்றி வேறு வழி காணவில்லை. பருத்தி எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே பஞ்சு, மற்றது கொட்டை. எவ்வளவு பஞ்சு கண்டது என்பது ஆலைக்குள் இருப்பவருக்கே தெரியும். தராசும் அவருடையதே, மறு ஆண்டுக்குரிய விதையும் அவ்வாலையிலிருந்தே வரவேண்டும்.

நாளடைவில் அவ்வாலைகள் பெரும்பாலும் ஐரோப்பியர், இந்தியர் ஆகியோரிடம் இருந்தன. நம் நாட்டவரும் அத்தராசைப் பிடித்திருந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1946-இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. ஆலைகள் கைக்கு வரவில்லை. 1949-இல் புகாண்டாவில் கலகம் மூண்டபோது, தம் பருத்தியைத் தாமே அரைக்கும் உரிமை குடியானவர்களின் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று. ஜின் ஆலைகளை விலைக்குப் பெற்றுக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளிக்க வழிசெய்யும் சட்டம் 1952-இல் பிறந்தது. விதை வந்து அப்போது ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.