ஈரநெல் காட்டும் தொழில்கள்

"படித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் மருத்துவர், பொறியாளர் என்ற இரண்டே விடைகள்தாம் பெரும்பாலும் வருகின்றன. குறுவை அறுவடையின்போது உங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் அரைமணி நேரம் நின்று பாருங்கள்.

அங்கே ஒரு பிடி நெல்லை ஈரப்பதமானியில் இடுவார்கள். அரசு வரம்பைத் தளர்த்தினாலன்றி, 17 விழுக்காட்டுக்கு மேல் ஈரமிருந்தால் வாங்கமாட்டார்கள். 20 காட்டினால், உழவர் மழைக்கு அஞ்சியபடியே களத்தில் காயவைக்க வேண்டியதுதான். 100 கிலோவில் 3 கிலோ நீர் போனால் போதுமா? போதாது. உலர்ந்த பொருள் 80 கிலோ. அது 83 விழுக்காடாக வேண்டும். ஆகவே ஏறத்தாழ 3.6 கிலோ நீர் வெளியேற வேண்டும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

நெல்லின் மின்பண்புகள் ஈரத்தோடு மாறுவதால் கருவி அதை அறிகிறது. இக்கருவியை அமைப்பவர் இயற்பியலும் மின்னணுவியலும் கற்றவர். (என் பாடம் என்பதால் முதலில் சொல்லிவிட்டேன்!) பெருமழைக்குமுன் விளையும் குறுகிய கால நெல்லை உருவாக்குபவர் பயிர்ப்பெருக்க அறிஞர், ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1922இல் தோன்றியது. உலர்த்தியை வடிவமைப்பவர் உணவுப் பொறியாளர். ஈரநெல் தொல்லைக்குத் தீர்வு காணவே 1967இல் திருவாரூரில் தொடங்கிய ஆய்வு மையம், இன்று தஞ்சையில் பி.டெக். பட்டம் தரும் தேசிய நிறுவனமாக வளர்ந்துள்ளது.

அந்த பி.டெக். படிப்புக்கு ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுத வேண்டும். எனவே கணிதம் வேண்டும். பயிர்ப்பெருக்கத்துக்கு வழியான பி.எஸ்சி. வேளாண்மைக்கு உயிரியல் வேண்டும். பதினோராம் வகுப்பில் பிரிவைக் குறித்துக் கொடுக்குமுன் இதைக் கேட்டறிந்து கொள்ளுங்கள்.