துறைமுகத்தைத் தாண்டாத சட்டம்

அன்புள்ள கயல்,

அயர்லாந்துப் பஞ்சத்தைப் பற்றிப் படித்துவிட்டு நீ எழுப்பியிருந்த கேள்வி என்னை விடவில்லை. பயணிகள் கப்பலுக்கு 1803 முதலே பிரிட்டனில் சட்டம் இருந்ததே, பிறகு 1847-இல் பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களில் அத்தனை பேர் எப்படிச் செத்தார்கள் என்று கேட்டிருந்தாய். நாளைக்குச் சட்டம் படிக்கப் போகிறவள் நீ. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 1803 சட்டத்தையே சந்தேகத்தோடு பார். இரண்டு டன்னுக்கு ஒருவர்தான் ஏறலாம் என்றது அது. கேட்கக் கருணையாக இருக்கும். ஆனால் அதற்காகப் பாடுபட்டவர்களில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டு நிலக்கிழார்களும் உண்டு. குடியானவர்கள் கடல் கடந்து போய்விட்டால் தங்கள் நிலத்திலும் கடற்பாசி எரிக்கும் தொழிலிலும் யார் உழைப்பது என்ற கவலை அவர்களுக்கு. கப்பலில் ஆள் குறைந்தால் கட்டணம் ஏறும், கட்டணம் ஏறினால் ஏழை கிளம்ப மாட்டான். சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்று தனியாக ஆளும் இல்லை. சுங்க அதிகாரிகளின் தலையில் இதுவும் ஒரு கூடுதல் வேலையாக விழுந்தது.

1833-இல்தான் லிவர்ப்பூல் துறைமுகத்துக்கு லோ என்ற கடற்படை லெஃப்டினன்ட் குடிபெயர்வு அதிகாரியாக வந்தார். அடுத்த ஆண்டு வேறு துறைமுகங்களுக்கும் இப்படிப்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலும் போர்க்காலம் முடிந்து அரைச் சம்பளத்தில் உட்கார்ந்திருந்த கடற்படைக்காரர்கள். இவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. கப்பல் கடலுக்குத் தகுதியானதா, பீப்பாயில் தண்ணீர் போதுமா, பிஸ்கட் பூசணம் பிடிக்காமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். தரகர்களிடம் பணத்தைப் பறிகொடுத்து நிற்கும் குடும்பங்களுக்காகப் பேச வேண்டும். வசந்த காலத்தில் கப்பல்கள் வரிசையாகக் கிளம்பும். ஏற்றநீர் தவறினால் நஷ்டம் என்று கேப்டன்கள் கத்துவார்கள். பார்க்க வேண்டிய கப்பல்கள் பல, பார்ப்பவர்களோ விரல்விட்டு எண்ணும் அளவு.

சட்டத்துக்குள்ளேயே ஓட்டைகளும் இருந்தன. 1842 சட்டப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் தண்ணீர், வாரத்துக்கு ஏழு ராத்தல் உணவு. ஆனால் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருவர் சேர்ந்தால்தான் ஓர் ஆள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கணக்கிலேயே வராது. பயணம் பன்னிரண்டு வாரத்துக்கு மேல் நீளும் என்றால்தான் மருத்துவர் கட்டாயம். அட்லாண்டிக் பயணத்தைச் சட்டம் அதைவிடக் குறைவாகவே கணக்கிட்டதால், ஜுரம் பரவிய கப்பல்கள் பலவற்றில் மருத்துவர் இல்லை. 1847-இல் லிவர்ப்பூலிலிருந்து கனடா போன ‘வர்ஜீனியஸ்’ கப்பலில் 476 பேர் ஏறினார்கள், வழியிலேயே 158 பேர் இறந்தார்கள். கியூபெக்குக்கு அருகே கிரோஸ் ஈல் தனிமைத் தீவில் அந்த ஆண்டு புதைக்கப்பட்டவர்கள் 5,000-க்கும் மேல். சட்டம் தடுத்திருக்கக்கூடியதைக்கூட அது தடுக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறாத விஷயம்.

அதன்பின் ஏறும் முன்பே மருத்துவப் பரிசோதனை என்று விதி வந்தது. நூறு பேரைப் பார்த்தால் மருத்துவருக்கு ஒரு பவுண்டு. ஜன்னல் வழியாகப் பெயர், நலம் கேட்டு, நாக்கை நீட்டச் சொல்லி, சீட்டில் முத்திரை குத்தி அனுப்பினார்கள். நூறு பேருக்கு ஒரு பவுண்டு என்றால் அப்படித்தான் நடக்கும்.

கப்பல் கரையை விட்டபின் என்ன ஆகும் என்பதை நமக்குக் காட்டியவர் வேர் ஃபாஸ்டர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர், 1850-இல் ஏழைகளோடு ஏழையாக லிவர்ப்பூலிலிருந்து நியூயார்க் போன ‘வாஷிங்டன்’ கப்பலின் கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். 900-க்கும் மேற்பட்ட பயணிகள். சட்டப்படி தர வேண்டிய உணவு முதல் சில நாட்கள் வரவே இல்லை, வந்தபோதும் அளவு குறைவு. தண்ணீர் வாங்கப் போனவர்களுக்கு அடி, உதை. பயணிகள் சார்பில் முறையீடு எழுதிக்கொண்டு போன ஃபாஸ்டரையே கப்பலின் முதல் மேட் (கேப்டனுக்கு அடுத்த அதிகாரி) அடித்தார், கேப்டன் விலங்கு மாட்டுவேன் என்று மிரட்டினார். நியூயார்க்கில் இறங்கியதும் ஃபாஸ்டர் வழக்குப் போட முயன்றார். சாட்சி சொல்ல வேண்டியவர்கள் வேலை தேடி நாலா பக்கமும் சிதறியாக வேண்டும், வழக்குச் செலவோ அவர்களால் தாங்க முடியாதது. கேப்டன் லிவர்ப்பூல் திரும்பும்போது அங்கே சாட்சி ஒருவரும் இருக்க மாட்டார். கயல், உன் கேள்விக்கு என் பதில் இதுதான். பாதிக்கப்பட்டவர் எந்தக் கரையில் இருந்தாரோ அந்தக் கரையில் நீதிமன்றம் இல்லை.

ஃபாஸ்டர் எழுதிய கடிதத்தை நாடாளுமன்றம் 1851-இல் அச்சிட்டது. 1852-இலும் 1855-இலும் சட்டம் இறுகியது.

நம் ஊருக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. இந்தக் கப்பல்களைக் கண்காணித்த லண்டன் குடிபெயர்வு ஆணையர்கள்தான் காலனிகளுக்குப் போன இந்திய ஒப்பந்தக் கூலிகளின் பயணங்களையும் மேற்பார்த்தார்கள். 1860 அக்டோபரில் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து 342 பேருடன் கிளம்பி நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. கூலிக் கப்பல்களில் மருத்துவர் கட்டாயம், உயிரோடு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குப் பணம். நாக்கைப் பார்த்துக் காசு வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் 1856-57-இல் கல்கத்தாவிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனவர்களில் நூற்றுக்குப் பதினேழு பேர் அளவில் வழியிலேயே இறந்தார்கள். காலரா கரையிலேயே அவர்களோடு ஏறிவிட்டிருந்தால் நடுக்கடலில் மருத்துவர் என்ன செய்ய முடியும்?

ஆலிவர் மக்டோனா இந்தச் சட்டங்களையும் அவற்றின் அமலாக்கத்தையும் பற்றி 1961-இல் எழுதிய நூலை நூலகத்தில் தேடிப் பார். லோவைப் பற்றிய பக்கங்களிலிருந்து தொடங்கு. பிறகு 1842, 1855 சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பிரிவின் ஓரத்திலும் பென்சிலால் மூன்று விஷயம் குறித்துக்கொள்: இதை யார் பார்க்கிறார், அவருக்கு யார் சம்பளம் தருகிறார், மீறினால் எந்த ஊரில் வழக்கு. முடித்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அத்தை