தன்னைத் தாக்கும் உடலும் இரைப்பைப் புற்றும்

வேலியே பயிரை மேய்ந்தால் பயிரின் கதி என்னாகும்? நம்மைக் காக்க வேண்டிய தடுப்பாற்றலே நம் உறுப்புகளைத் தாக்குவதால் வரும் நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். அவற்றுள் ஒன்று இரைப்பைப் புற்றுநோய்க்கு வழிகோலுமா என்னும் ஆராய்ச்சி வளர்ந்து வந்த வகையை இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

கொல்லும் சோகை

இரத்தசோகை என்றாலே இரும்புச்சத்துக் குறைவு என்றுதான் நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஆனால், இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1849-இல் விவரித்த சோகை வேறு வகையானது. அதற்கு அன்று மருந்தில்லை. 1926-இல் அமெரிக்க மருத்துவர்களான மினாட்டும் மர்ஃபியும் கல்லீரலை உணவாகக் கொடுத்து நோயாளிகளைப் பிழைக்க வைத்தனர். உணவிலுள்ள ஒரு சத்தை உடல் ஏற்பதற்கு இரைப்பையில் சுரக்கும் 'அகக்காரணி' தேவை என 1929-இல் வில்லியம் காசில் காட்டினார். வைட்டமின் பி12 என்னும் அச்சத்து 1948-இல் பிரித்தெடுக்கப்பட்டது.

அகக்காரணியையும் அமிலத்தையும் சுரப்பவை இரைப்பையின் பெரைட்டல் செல்கள். இச்செல்களை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பது 1960-களில் தெரிய வந்தது. நோயின் வேர் தன்னெதிர்ப்பே என்பது அதனால் விளங்கிற்று.

புற்றுடன் தொடர்பு

பி12 ஊசி போட்டால் இரத்தம் தேறும்; தேய்ந்த இரைப்பைச் சுவரோ தேய்ந்தபடியே இருக்கும். நாட்பட்ட அழற்சி, தேய்வு, குடற்செல் போன்ற மாற்றம், ஒழுங்கற்ற வளர்ச்சி, புற்று என்னும் படிநிலைகளைப் பெலாயோ கொரேயாவும் அவர்தம் குழுவினரும் 1975-இல் வகுத்துக் காட்டினர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, இச்சோகை உடையோர்க்கு இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு ஏறத்தாழ 7 மடங்கு என்றது. கேட்க அச்சமாக இருப்பினும், ஓராண்டில் ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவர்க்கே அது வருகிறது என்பதையும் அதே மதிப்பீடு கூறுகிறது.

உண்மைக் குற்றவாளி யார்?

1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்தனர். 1994-இல் அது புற்றுக் காரணிகளுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. இங்கேதான் சிக்கல் எழுகிறது. அமிலம் வற்றிய இரைப்பையில் இக்கிருமி காலப்போக்கில் மறைந்துவிடக் கூடும். அவ்வாறாயின், பழைய ஆய்வுகள் தன்னெதிர்ப்பின் மேல் சுமத்திய பழியில் ஒரு பங்கு மறைந்துபோன கிருமிக்கு உரியதன்றோ?

இவ்வினாவிற்கு விடை தேடி, கிருமி ஒருபோதும் தீண்டாத 211 தன்னெதிர்ப்பு நோயாளிகளை இத்தாலியில் ருக்கே குழுவினர் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கண்காணித்தனர். வழக்கமான இரைப்பைப் புற்று அவர்களிடம் மிகுதியாகத் தோன்றவில்லை என 2023-இல் வெளியிட்டனர். எனினும், சிலர்க்கு நரம்புச் சுரப்புச் செல் கட்டிகள் தோன்றின. அமிலம் குறைந்தால் காஸ்ட்ரின் ஹார்மோன் பெருகும். அது ஒருவகைச் செல்களைத் தூண்டிப் பெருக்குவதே இக்கட்டிகளுக்குக் காரணம். இவை பெரும்பாலும் மெதுவாக வளர்பவை.

முடிவுரை

211 பேர் என்பது சிறு தொகையே. ஏழரை ஆண்டும் புற்று ஆய்வில் குறுகிய காலமே. ஆகவே வழக்கு முடிந்தது எனல் ஆகாது. இந்நோய் உடையோர்க்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோப்பி செய்வது பயன்தரலாம் என ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி 2019-இல் கூறியது. சோகைக்கு ஊசி போடுவதோடு நின்றுவிடாமல், அச்சோகை ஏன் வந்தது எனக் கேட்பதே அறிவுடைமை. ஊசி இரத்தத்தைக் காக்கும். இரைப்பையைக் காக்க விழிப்பு வேண்டும்.