நிலம் நடுங்குமுன் குறி காட்டுமா?



2011 பிப்ரவரி 22 அன்று நண்பகல் 12.51 மணிக்குக் கிறைஸ்ட்சர்ச் நகரை உலுக்கிய நிலநடுக்கம் 185 உயிர்களைப் பறித்தது. அதன் நாளையும் நேரத்தையும் அறிவியலாரால் முன்கூட்டிக் கூற இயலவில்லை. நிலம் அதிருமுன் ஏதேனும் குறி காட்டாதா என்று அறிஞர்கள் நெடுங்காலமாகத் தேடி வருகின்றனர். அக்குறிகளுள் ஒன்றாகக் கருதப்படுவது மின்காந்த அலை.

பாறைக்கும் மின்சாரத்திற்கும் என்ன தொடர்பு? குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றும். பாறை வெடிப்புகளில் நீர் கசிந்தோடும்போதும் சிறிது மின்னோட்டம் உண்டாகும். ஆகவே, நெருக்குண்ட பாறைகள் உடையுமுன் மின்காந்தக் குறிகளை வெளியிடலாம் என்பது ஒரு கருத்து.

1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டாவில் 6.9 அளவுள்ள நடுக்கம் நிகழ்ந்தது. அதன் மையத்திற்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் காந்தமானி ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. நடுக்கத்திற்கு இரு வாரங்களுக்கு முன்பே அதன் பதிவுகள் உயர்ந்தன. மூன்று மணி நேரத்திற்கு முன் மிகவும் பெருகின. அறிஞர்கள் வியந்தனர். எனினும், 2009இல் அப்பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தோர், அது கருவிக் கோளாறாக இருக்கலாம் என்றனர்.

மின்காந்த இரைச்சல் எங்கும் நிறைந்துள்ளது என்பது மற்றோர் இடர். சூரியனின் கொந்தளிப்பும் மின்னலும் கருவியை அசைக்கும். மனிதனின் மின்சாரமும் அசைக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மின்சார டிராம் வந்ததால், மும்பைக் கொலாபாவின் காந்த ஆய்வகம் அலிபாகிற்கு இடம் பெயர்ந்தது. கிறைஸ்ட்சர்ச் தாவரவியல் பூங்காவில் இருந்த ஆய்வகப் பணியும் அதே காரணத்தால் ஆம்பர்லிக்கு மாறியது.

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். நடுக்கத்திற்கு முன் ஒருமுறை குறி தோன்றியது என்பது மட்டும் சான்றாகாது. பல நடுக்கங்களுக்கு முன்னும் அது தோன்ற வேண்டும். நடுக்கமில்லாத நாள்களில் தோன்றாதிருக்கவும் வேண்டும். 2004இல் பிரான்சும் 2018இல் சீனாவும் செயற்கைக்கோள்களை ஏவித் தேடின. ஆயினும், நம்பத்தக்க முன்னறிவிப்பு இன்றுவரை கிட்டவில்லை. ஆதலின், நாள் குறித்துப் பரவும் வதந்திகளை நம்பலாகாது.

எனினும், மின்காந்த அலை வேறு வகையில் நமக்கு உதவுகிறது. கட்டடங்களைக் குலுக்கும் நில அலை நொடிக்குச் சில கிலோமீட்டரே செல்லும். வானொலி அலையோ நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். நடுக்கம் தொடங்கியவுடன் எழும் எச்சரிக்கை, தொலைவில் உள்ளோரை அதிர்வுக்கு முன்பே எட்டக்கூடும். நியூசிலாந்தில் 2021 முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் இவ்வசதி உண்டு.

அச்சில நொடிகளில் செய்யத்தக்கவை மூன்று: குனிக, மேசையடியில் மறைக, அதன் காலைப் பற்றுக. ஆக்லாந்தில் நடுக்கம் குறைவே. ஆயினும், வெலிங்டனுக்கோ கிறைஸ்ட்சர்ச்சுக்கோ நாளை செல்லவிருப்போர் நம் பிள்ளைகளே. இம்மூன்றையும் இன்றே வீட்டில் பழகுவோம்.

சிந்தனை வினாக்கள்
1. காந்த ஆய்வகங்கள் நகரை விட்டு விலகியது ஏன்?
2. ஒரு குறியை முன்னறிவிப்பாக ஏற்க எவ்விரு சான்றுகள் வேண்டும்?