எந்த டாங்கிள், எந்த அலைவரிசை?

அழகர்கோவில் பக்கம் தோப்போடு வீடு கட்டியவர்கள் பலருக்கு விளக்கு, மின்விசிறி, கிணற்று மோட்டார் எல்லாவற்றையும் கைப்பேசியிலிருந்தே இயக்க ஆசை. அதற்காகக் கம்ப்யூட்டரில் சொருகும் ஜிக்பீ அல்லது இசட்-வேவ் ரேடியோ டாங்கிளை வாங்கும்போதுதான் தவறான நம்பிக்கைகள் காசைக் கரைக்கின்றன.

“அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாங்கி வந்தது, இங்கேயும் ஓடும்.” ஜிக்பீ என்றால் ஓடும், அது உலகெங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ். இசட்-வேவ் அப்படியல்ல. அமெரிக்காவில் 908.42, ஐரோப்பாவில் 868.42, இந்தியாவில் 865.2 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்க அலைவரிசையில் பேசும் டாங்கிளுக்கு இந்தியக் கருவி பதில் சொல்லாது. அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே 890 முதல் 915 வரை செல்போன்கள் கோபுரத்தோடு பேசும் இடம். அங்கே நாம் நுழைவது சட்டப்படி தவறு. பெட்டியில் இந்திய அலைவரிசை என்று இருக்கிறதா பாருங்கள்.

“ஆன்டெனா நீளமாக இருந்தால் வீடு முழுக்க எடுக்கும்.” ஆன்டெனா புதிதாகச் சக்தியை உண்டாக்குவதில்லை. இருப்பதைப் பக்கவாட்டில் அதிகம் அனுப்பி, மேலும் கீழும் குறைக்கிறது. மாடி வீட்டுக்கு அது நஷ்டம்தான்.

“கம்ப்யூட்டரில் சொருகினால் முடிந்தது வேலை.” என் அனுபவத்தில் அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். யுஎஸ்பி 3.0 போர்ட்டும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்க்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து வெளியிட்டது. டாங்கிளை மாற்றிப் பயனில்லை. ஒரு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் வாங்கி, யுஎஸ்பி 2.0 போர்ட்டில் மாட்டி, டாங்கிளைத் தள்ளி வையுங்கள். வைஃபை ரவுட்டரிலிருந்தும் விலக்குங்கள். சேனல் எண் வேறாக இருந்தால் மோதாது என்றும் நினைக்க வேண்டாம்: ஜிக்பீயின் 11-ஆம் சேனல் வைஃபையின் 1-ஆம் சேனலுக்குள் இருக்கிறது. வைஃபை 1-இல் இருந்தால் ஜிக்பீயை 20 அல்லது 25-க்கு மாற்றுங்கள்.

“கருவிகள் கூடக் கூட வலை பலப்படும்.” பேட்டரி சென்சார்கள் மற்றக் கருவிகளின் செய்தி எதையும் கடத்தித் தருவதில்லை, பெரும்பாலும் மின்சாரத்தில் ஓடுபவைதான் தரும். நம் வீடுகளில் சுவரிலேயே சுவிட்சை அணைக்கும் பழக்கம் உண்டு. ஸ்மார்ட் பல்பை அப்படி அணைத்தால் அதன் வழியாகப் பேசிய சென்சார்கள் தடுமாறும். இன்வெர்ட்டர் லைனில் நிரந்தரமாக ஒரு ஸ்மார்ட் பிளக் இருந்தால் மின்வெட்டிலும் தொடர்பு அறுபடாது.

தோப்பின் கோடியில் இருக்கும் கிணற்றுக்கு மட்டும் ஜிக்பீயை நம்பாதீர்கள். மரங்களைத் தாண்டி அது அவ்வளவு தூரம் போகாது. 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் லோரா கருவிகள் அதற்கென்றே இருக்கின்றன. குறைந்த மின்சக்தி, நீண்ட தூரம், உரிமமும் தேவையில்லை. ஆனால் அதன் ரிலேயை மூன்று பேஸ் மோட்டாரில் நேரடியாக இணைக்கக் கூடாது. எலக்ட்ரீஷியனை வைத்து, ஸ்டார்ட்டர் பெட்டியின் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.